என் காலைக் கழுவிய பிறகு: பெரிய வியாழனும் பணிவிடைத் தலைமையும்

இரும்புக்கடை_அந்தோனி | 18 ஏப்ரல் 2025, காலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை பெரிய வியாழன் திருப்பலியில், இயேசு தம் சீடரின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து குருவானவர் பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் பங்கில் தெரிவுசெய்யப்பட்ட பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. அதனால் பெரிய வெள்ளி விடியும்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். கோவிலுக்குப் புறப்படுமுன் வலது காலைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். நகம் வெட்டினேன். மனைவி புதுக் காலுறை எடுத்துத் தந்தாள். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். பங்குக் குருவான சுவாமி மேலாடையைக் கழற்றிவைத்து, இடுப்பில் வெள்ளைத் துவாயைக் கட்டிக்கொண்டு முழந்தாளிட்டார். குளிர்ந்த தண்ணீர் என் பாதத்தில் விழுந்தது. துவாயால் ஒற்றினார், குனிந்து முத்தமிட்டார், அடுத்தவரிடம் போனார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. எழும்பும்போது பீடச் சிறுவனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு, மறந்துவிட்ட குடையை எடுக்க உள்ளே திரும்பி வந்தேன். கோவிலைக் கூட்டித் துடைக்கும் அக்கா கதிரைகளுக்கு நடுவே குந்தியிருந்து, எங்கள் கால்களிலிருந்து சிந்திய தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஐயா, பார்த்து நடவுங்கள், வழுக்கும்" என்றார். இருபது வருடமாக அவரை எனக்குத் தெரியும். அவருடைய காலை நேற்றுத்தான் பார்த்தேன். குதிகால் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன.

இப்போது என் கேள்வி. பங்கின் காரியங்களைக் கவனிக்கும் அருட்பணிச் சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்கும்படி சுவாமி என்னைக் கேட்டிருக்கிறார். "கிறிஸ்துவைப் போலப் பணிவிடை செய்யும் தலைவராக இருங்கள்" என்றார். பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடை நடத்துகிறவன் நான். ஏழு பேரிடம் வேலை வாங்கத் தெரியும். பணிவிடை செய்யும் தலைமை என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஆசிரியை | 18 ஏப்ரல், காலை 9.40

தம்பி, நான் மெதடிஸ்த திருச்சபையில் வளர்ந்தவள், இருப்பது வெள்ளவத்தையில். முப்பது வருடம் பாடசாலையில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவள் என்ற முறையில் யோவான் 13ஆம் அதிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அந்தக் கடைசி இரவில் அப்பமும் திராட்சரசமும் பகிரப்பட்டதை எழுதுகிறார்கள். யோவான் அதை எழுதவில்லை. அந்த இடத்தில் அவர் வைத்திருப்பது தண்ணீரும் துவாயும். கால் கழுவுவது அன்றைக்கு அடிமையின் வேலை. அதிலும் எபிரேய அடிமையிடம் இந்த வேலையை வாங்கக் கூடாது என்று பழைய யூத விளக்கநூல் ஒன்று சொல்கிறது. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு பதறியது அதனால்தான்.

இயேசு வஸ்திரத்தைக் கழற்றி வைக்கிறார், பிறகு அதை எடுத்துக்கொள்கிறார். கிரேக்க மூலத்தில் இந்த இரண்டு வினைச்சொற்களும் 10ஆம் அதிகாரத்தில் ஏற்கெனவே வந்துவிட்டவை. நல்ல மேய்ப்பனாகிய இயேசு தன் ஜீவனைக் கொடுப்பதற்கும், அதை மறுபடி எடுத்துக்கொள்வதற்கும் யோவான் எழுதிய அதே சொற்கள். மறுநாள் சிலுவையில் நடக்கப்போவதை முந்தின இரவே ஒரு துவாயோடு செய்து காட்டிவிட்டார். இதைப் படிப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இன்னொன்று. அதற்கு முந்தின அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதங்களில் நளததைலம் என்ற வாசனைத் தைலத்தைப் பூசித் தன் தலைமயிரால் துடைக்கிறாள். அங்கே "துடைத்தாள்", இங்கே சீஷரின் கால்களைத் "துடைத்தார்". கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். முதலில் ஒரு பெண் அவருக்குச் செய்தாள். சில நாளில் அவர் பன்னிருவருக்குச் செய்தார். ஒரு பெண்ணிடம் பெற்றதையே அவர் சீஷருக்குக் கொடுத்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்தப் பன்னிருவரில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான். அவன் எழுந்து இருளுக்குள் போனது, கால் கழுவப்பட்ட பிறகு.

மருதானை_ரூபன் | 18 ஏப்ரல், பகல் 12.15

டீச்சர், நன்றி. அந்தோனி அண்ணன், நான் கோட்டையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இந்தப் "பணிவிடைத் தலைமை" என்ற பேச்சை அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் கேட்கிறோம். நிர்வாக உலகில் இதைப் பரப்பியவர் ரொபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர். ஏடி அன்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற பின், 1970இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்.

அவர் சொன்ன சோதனை எனக்குப் பிடிக்கும். ஒரு தலைவரின் கீழ் இருப்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா? அவருடைய முடிவுகளால் சமூகத்தின் கடைசி நிலையில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது? நன்மையா, இல்லை, இருந்ததும் போய்விடுகிறதா? உங்கள் பங்கில் அந்தக் கடைசி ஆள் யாரென்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஊழியரை நன்றாகக் கவனித்தால் உற்பத்தி கூடும் என்பதற்காகவே இதைப் படிப்பிக்கிறார்கள். இயேசு கால் கழுவியதால் அவருக்கு எதுவும் கூடவில்லை. விடிவதற்குள் எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

மாலைநட்சத்திரம் | 18 ஏப்ரல், மாலை 5.30

மூன்று மணி ஆராதனை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். "தியாக அன்பு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு இறுகும். காரணத்தைச் சொல்கிறேன்.

அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். நாங்கள் அப்போது போய்வந்த ஒரு சபையின் பெரியவர்களிடம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அழுதாள். எனக்கு ஒன்பது வயது. "சிலுவையைச் சுமக்கப் பழகு சகோதரி. அன்பு சகலத்தையும் தாங்கும். உன் பொறுமைதான் அவரை இரட்சிப்புக்குக் கொண்டுவரும்" என்றார்கள். ஜெபம்பண்ணி அனுப்பிவைத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். அதன் பிறகும் பதினொரு வருடம் தாங்கினாள். இன்றைக்கு அவளுக்கு இடது காது கேட்காது.

டீச்சர் சொன்ன அதே யோவான் 10இல் இன்னொரு வசனம் இருக்கிறது. தன் ஜீவனை ஒருவனும் தன்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்கிறார் ஆண்டவர். கொடுக்கிறவருக்கு அதிகாரம் இருந்தது. மறுக்கவும் அவருக்கு முடியும். என் அம்மாவுக்கு எந்த அதிகாரம் இருந்தது? வேறு வழியில்லாதவளிடமிருந்து பிடுங்கியதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட ஒரு துரும்பையும் சுமக்கவில்லை.

மாற்கு 10ஐப் பாருங்கள். உமது மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் எங்களுக்கு வேண்டும் என்று யாக்கோபும் யோவானும் கேட்டதற்குத்தான், உங்களில் பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன் என்று பதில் வந்தது. அது மேலே ஏற ஆசைப்பட்டவர்களுக்குச் சொன்னது. ஏற்கெனவே தரையில் குந்தியிருப்பவளிடம் போய் இன்னும் குனி என்று சொல்வதற்கு அந்த வசனத்தை எடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஓய்வுபெற்ற_ஆசிரியை | 18 ஏப்ரல், இரவு 8.05

மகள், வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். அந்தப் பெரியவர்கள் சொன்னதை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, கலியாணமாகி இரண்டு வருடத்தில் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று அழுதாள். தேநீர் ஊற்றிக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை" என்று அனுப்பினேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். அவள் பிறகு வரவில்லை. நீங்கள் சொன்ன வசனத்தை நான் எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவளுக்குச் சொல்லவில்லை. அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

கணக்காளர்_மட்டக்குளி | 18 ஏப்ரல், இரவு 9.20

சகோதரியின் வேதனைக்கு முன்னால் வாதம் செய்ய வரவில்லை. அந்தோனி கேட்ட கேள்விக்கு மட்டும் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

தாழ்மை என்ற பெயரில் முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு பாவம். எனக்குத் தெரிந்த ஒரு பங்கில், எல்லோர் மனமும் கோணாமல் இருக்க வேண்டும் என்று ஒரு செயலாளர் மூன்று வருடம் எதையும் தீர்மானிக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பு நடக்கும் மண்டபத்தின் கூரை ஒழுகி, மழைக் காலத்தில் பிள்ளைகள் வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவைத்துப் படித்தார்கள். அவர் மிக நல்ல மனிதர். ஆனால் நனைந்தது பிள்ளைகள்.

இயேசு கால் கழுவி முடித்ததும், நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்வது சரியே என்கிறார். பதவியை அவர் மறைக்கவில்லை. ஆகவே, அந்தோனி, பொறுப்பை எடுங்கள். எடுத்தால் கணக்குப் புத்தகத்தைத் திறந்துபாருங்கள். ஒரு பங்கின் அன்பு எங்கே போகிறதென்று செலவுப் பக்கத்தில் தெரியும்.

கல்லடிப்பாலம் | 19 ஏப்ரல், முற்பகல் 11.00

நான் மட்டக்களப்பான், பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்தோம். இந்த விடயத்தில் எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை, எங்கள் ஊர் மனிதர்களே போதும்.

யூஜின் ஹீபேர்ட் அடிகளார் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1948இல் இலங்கைக்கு வந்தவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவர் என்றுதான் எங்கள் அண்ணன்மார் அவரை முதலில் சொல்வார்கள். கோபம் வந்தால் மைதானமே அதிருமாம். யுத்தம் வந்தபோது அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். உடலும் கிடைக்கவில்லை. அவரோடு சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் காணாமற்போனார். நினைவுக் கூட்டங்களில் அந்த இளைஞரையும் சொல்லுங்கள் என்று நான் எப்போதும் கேட்பேன்.

பிறகு 2019. கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்த அதே உயிர்ப்பு ஞாயிறு காலையில், எங்கள் சீயோன் தேவாலயத்துக்கும் ஒருவன் பையோடு வந்தான். உள்ளே நிறைய மக்கள். வாசலில் ஒரு மனிதர் அவனைச் சந்தேகித்து உள்ளே விடவில்லை. வெளியே வெடித்தது. அவரும் இறந்தார், பல சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். உள்ளே போயிருந்தால் எத்தனை பேர் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்கும். அவர் போதகர் அல்ல, மேடையில் இருந்தவரும் அல்ல. அவரிடம் யாரும் தியாகம் செய் என்று சொல்லவில்லை, சொல்ல நேரமும் இருக்கவில்லை. மாலைநட்சத்திரம் அக்கா எழுதியதை வாசித்தபோது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். தானே கொடுத்தவர்.

இரும்புக்கடை_அந்தோனி | 20 ஏப்ரல், இரவு 7.45

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன்.

இன்று காலைத் திருப்பலிக்குப் பிறகு அந்த அக்காவிடம் போய்ப் பேசினேன். வியாழன் முதல் என் மனதில் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது: அடுத்த வருடம் பன்னிரண்டு பேரில் அவரையும் இருத்த வேண்டும் என்று சுவாமியிடம் சொல்வோம். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இலேயே விதியை மாற்றிவிட்டார் அல்லவா. அக்காவிடம் இதைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, வேண்டாம் ஐயா, எல்லோர் முன்னாலும் இந்தக் காலைக் காட்டவா?" என்றார். பேதுரு சொன்னது போலவே இருந்தது. ஆனால் பேதுருவுக்கு வெடித்த குதிகாலைப் பற்றிய வெட்கம் இருந்திருக்காது.

வேறு என்ன செய்யலாம் அக்கா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கம்பு வைத்த துடைப்பான் ஒன்று வாங்கித் தந்தால் போதும். குந்தியிருந்து துடைத்தால் முழங்கால் எழும்ப விடுகிறதில்லை" என்றார். மாதச் சம்பளம் ஒரு உறையில் வருகிறது. ஓய்வுகாலத்துக்கென்று சேரும் ஊழியர் சேமலாப நிதி இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதென்று தெரியும், தனக்கு உண்டா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.

கணக்காளர்_மட்டக்குளி | 20 ஏப்ரல், இரவு 8.30

இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த அறப்பணி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே உங்கள் பங்கு சட்டத்தை மீறியதாகச் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

ஆனால் விலக்கு என்பது கட்டக் கூடாது என்ற தடை அல்ல. விரும்பினால் அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து மாதாமாதம் போடலாம். இருபத்திரண்டு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது என்பதையும் பேசத்தான் வேண்டும்.

மாலைநட்சத்திரம் | 20 ஏப்ரல், இரவு 9.10

அந்தோனி அண்ணன், கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கடையில் ஏழு பேர் என்றீர்கள். ஏழு பேருக்கும் சேமலாப நிதி கட்டுகிறீர்களா?

கொச்சிக்கடை_வாசி | 21 ஏப்ரல், பிற்பகல் 3.20

இதுவரை வாசித்துக்கொண்டுமட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை 8.45க்கு அந்தோனியார் கோவிலில் நின்றேன். அங்கே குண்டு வெடித்து இன்றோடு ஆறு வருடம். எனக்குத் தெரிந்த ஒரு தாய் வழக்கமாக நிற்கும் தூணோடு சாய்ந்து நின்றார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சியில் செய்தி: திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார்.

2013இல் தெரிவான சில நாட்களிலேயே, பேராலயத்தை விட்டுவிட்டு ரோமில் இளங்குற்றவாளிகளின் தடுப்பு நிலையத்துக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் தென் சூடானின் தலைவர்களுக்கு முன்னால், அந்த வயதில், தரையில் விழுந்து அவர்களுடைய சப்பாத்துகளை முத்தமிட்டு, சமாதானமாக இருங்கள் என்று கெஞ்சினார். நமக்குக் குண்டு வெடித்ததும் அதே மாதம். கடந்த வியாழனும், அந்தோனி அவர்களின் கால் கழுவப்பட்ட அதே நாளில், ரோமின் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். இந்த வருடம் என்னால் கழுவ முடியாது, ஆனாலும் உங்கள் அருகில் இருக்க வந்தேன் என்றார். நான்கு நாளில் போய்விட்டார்.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளாரை அவர் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நசுக்கிய காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியவர் வாஸ் அடிகளார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, வீட்டாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான குருவும் நகரத்திலேயே தங்கி, கைவிடப்பட்டவர்களைக் கழுவினார்கள், ஊட்டினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். சமயம் பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

அழுகை வருகிறது. வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

ஓய்வுபெற்ற_ஆசிரியை | 21 ஏப்ரல், மாலை 6.00

நாங்கள் கத்தோலிக்கர் அல்ல, ஆனாலும் இன்று மாலை வீட்டு ஜெபத்தில் அவருக்காக நன்றி சொன்னோம். தன்னால் முடியாது என்று கைதிகள் முன்னால் ஒப்புக்கொண்டாரே, அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரும்புக்கடை_அந்தோனி | 25 ஏப்ரல், இரவு 10.20

நான்கு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில்: ஐந்து பேருக்குக் கட்டுகிறேன். இரண்டு பேருக்குக் கட்டவில்லை.

இருவரும் ஹட்டன் பக்கத்துப் பையன்கள். மூன்று வருடத்துக்கு முன் தற்காலிகமாக என்று எடுத்தேன். தற்காலிகம் அப்படியே நீண்டுவிட்டது. முறி கம்பியும் சீமெந்தும் இறக்குவது அவர்கள்தான். நான் அவர்களை மோசமாக நடத்தியதில்லை. சாப்பாடு, புதுவருடத்துக்கு உடுப்பு, ஊருக்குப் போகப் பஸ் காசு எல்லாம் கொடுப்பேன். அதையெல்லாம் அன்பென்று நினைத்தேன். அவர்களுக்கு உரியதைக் கட்டாமல், என் விருப்பத்துக்குக் கொடுத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை இருவரும் ஊரிலிருந்து வந்தார்கள். கடை மூடிய பிறகு கூப்பிட்டு இருத்தி, விடயத்தைச் சொன்னேன். பெரியவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "முதலாளி, அப்போது எங்கள் சம்பளத்தில் எட்டு வெட்டுவீர்களா?" என்று கேட்டான். வீட்டுக்கு அனுப்பும் காசு குறைந்துவிடும் என்ற பயம். அந்த அளவுக்குச் சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொன்னேன். சின்னவன் எதுவும் பேசவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது என் பேனாவை அழுத்திப் பிடித்து, பெயரைப் பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல மெதுவாக எழுதினான்.

புதன்கிழமை நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போனேன். மூன்று வருட நிலுவையைக் கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானதற்கு 50 சதவீதம் மேலதிகம். பெரிய தொகை. வான் மாற்றுவதற்குச் சேர்த்த பணம் அதற்குப் போகும். மனைவி ஒரு நாள் பேசவில்லை. நேற்று இரவு அவளே கொப்பியை எடுத்துவந்து கணக்குப் பார்த்தாள்.

சுவாமியிடமும் போனேன். இந்தக் கணக்கை முடிக்காமல் செயலாளர் கதிரையில் உட்காரமாட்டேன், முடித்த பிறகும் நீங்கள் விரும்பினால் வருகிறேன், வந்தால் முதல் கூட்டத்தில் அக்காவின் இருபத்திரண்டு வருடத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை நானே கேட்டிருக்க வேண்டும்" என்றார். கூட்டம் மே மாதம் இரண்டாம் வாரம்.

மாலைநட்சத்திரம் | 25 ஏப்ரல், இரவு 10.50

அண்ணன், அம்மாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, சத்தமாக. இரண்டாவது தரமும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அந்தத் துடைப்பான் வாங்கிக் கொடுத்தாரா என்று கேள்" என்றாள்.

இரும்புக்கடை_அந்தோனி | 26 ஏப்ரல், காலை 6.05

அம்மாவிடம் சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமையே வாங்கினேன். கம்பு கட்டையாக இருக்கிறது, இன்னும் குனியத்தான் வேண்டியிருக்கிறது என்று அக்கா சொன்னார். இன்று திருத்தந்தையின் அடக்கத் திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்க்க எல்லோரும் மண்டபத்தில் கூடுகிறோம். போகும்போது நீளமான கம்பு ஒன்றைக் கடையில் வெட்டிப் பொருத்தி எடுத்துக்கொண்டு போகிறேன்.